உன் கணக்கை நான் செய்து பார்த்தேன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் கதைத்தால் இரண்டு வசனத்துக்குள், "வேலை இருக்கம்மா, மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த மறுகா வருவதே இல்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன். தங்கச்சியைக் கொண்டு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம், உடனே கிடைக்கும். ஆனால் இதில் அவள் வாசிக்கக்கூடாத இடங்கள் இருக்கின்றன. தபாலிலேயே வரட்டும்.

பெரும்போகம் விதைத்து முடிந்தது. இந்த முறை மழை நேரத்துக்கு வந்தது. அப்பா கிழமையில் பாதி நாள் படுவான்கரை வயலில்தான். மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போய் வாடியில் படுக்கிறார். யானை வந்து பக்கத்து வரம்பு வரைக்கும் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த வயதில் இரவெல்லாம் டோர்ச் லைட்டோடு கண் முழிக்க வேண்டாம், ஆள் போடுவோம் என்றால் கேட்கிறாரில்லை. பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூட. மற்றப்படி எல்லாம் பழையபடிதான்.

கண் முழிப்பது என்று எழுதியதும் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நீ ஏன் நித்திரை கொள்வதில்லை? காலை எட்டரைக்கு மீன்காரனை அனுப்பிவிட்டு நான் போனைப் பார்க்கும்போது நீ ஒன்லைனில் இருக்கிறாய். இங்கே எட்டரை என்றால் உனக்கு இரவு மூன்று மணி. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஏதோ அலுவல் என்று விட்டுவிடுவேன். உனக்குப் பகல் வேலை. இரவு வேலை இல்லை என்று நீயே சொன்னாய். இங்கிலாந்தில் அந்த நேரம் எந்த மைதானத்திலும் பந்து உருளாது. பிரேசிலிலும் மெக்சிக்கோவிலும்தான் இரவு ஆட்டங்கள் நடந்து முடிகிற நேரம். பெரியம்மாவின் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

சரி, அதைப் பிறகு எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. படுக்கும்போது போனை மற்ற அறையில் வை.

போன ஆடியில் நீ வந்து நின்றபோது விறாந்தையில் இருந்து எனக்கு விளங்கப்படுத்திய அந்த உதைபந்தாட்டப் பந்தய சிஸ்டம் ஞாபகம் இருக்கிறதுதானே. "அம்மா, இது சூதில்ல, கணக்கு. நீங்க படிப்பிச்ச கணக்குத்தான்" என்றாய். எனக்கு அன்று இருந்த பெருமையை உன்னிடம் மறைக்க மாட்டேன். சுனாமி முகாமில் நிவாரண அட்டைகளைப் பெரியவர்களுக்கே கூட்டிக் கொடுத்த பத்து வயதுப் பிள்ளை நீ. வந்தாறுமூலை கம்பசில் படிக்கும்போது, 2016-இல் இங்கிலாந்து லீக்கில் லெஸ்டர் அணி கிண்ணம் எடுத்த அன்று, ஐயாயிரத்துக்கு ஒன்று என்று விலை வைத்த அணி வென்றுவிட்டது என்று இரவில் எங்களை எழுப்பிச் சொன்னாய். அப்பாவுக்கு அரை நித்திரையில் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உனக்கு அந்த விளையாட்டில் இருந்த ஆசையும் எண்களில் இருந்த ஆசையும் ஒன்றாய்ப் போன நாள் அது என்று இப்போது நினைக்கிறேன்.

நீ விதி எழுதிய சீ.ஆர். கொப்பியை அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாய். ஏழுக்கு நடுவே கோடு போடும் உன் பழக்கம் இன்னும் மாறவில்லை. நேர்க்கோட்டில் வரிசை வரிசையாக, அடிமட்டம் வைத்து அடித்த கட்டங்கள். பதினைந்து வயதில்கூட இவ்வளவு துப்புரவாய் நீ கணக்குச் செய்ததில்லை. அந்தக் கொப்பியின் மிச்சப் பக்கங்களில்தான் உன் சிஸ்டத்தை நான் சோதித்துப் பார்த்தேன்.

உன் விதியை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன், பிழை என்றால் திருத்து. இரண்டு அணிகளும் அதே மைதானத்தில் கடைசியாக மோதிய 6 ஆட்டங்களை எடுப்பது. சொந்த மைதான அணி அதில் ஒன்றிலும் தோற்கவில்லை, நான்கிலாவது வென்றிருக்கிறது என்றால் அதற்குப் போடுவது. இல்லையென்றால் அந்த ஆட்டத்தைத் தொடுவதில்லை. எப்போதும் ஒரே தொகை. விதி தெளிவு. ஒரு பிள்ளை பரீட்சையில் இப்படி எழுதினால் முறைக்குரிய புள்ளியைக் குறைக்க மாட்டேன்.

பேரன் பழைய பருவங்களின் முடிவுகளையும், அந்தந்த ஆட்டத்துக்குப் பந்தயம் பிடிக்கிற புக்கிக்காரர் கொடுத்த ஒட்ஸையும், அதாவது ஒரு பவுண் போட்டு வென்றால் போட்டதோடு சேர்த்து எவ்வளவு வரும் என்ற விலையையும், இறக்கி, சந்தியில் இருக்கும் கொமினிகேசனில் பிரிண்ட் எடுத்துத் தந்தான். முடிவு இருக்கும் நிரலை அடிமட்டத்தால் மூடி வைத்தேன். அந்தத் திகதிக்கு முந்திய ஆட்டங்களை மட்டும் பார்த்து, போடலாமா விடலாமா என்று நீலப் பேனையால் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அடிமட்டத்தைக் கீழே இறக்கி, முடிவைச் சிவப்புப் பேனையால் பதிந்தேன். கண்ணால் ஒருமுறை முடிவைப் பார்த்துவிட்டால் கை தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது. நீ கொம்பியூட்டரில் செய்தபோது அப்படி மூடி வைத்தாயா என்று எனக்குச் சந்தேகம்.

நீ விதி எழுதுவதற்காகப் பார்த்த வருடங்களில் உன் சிஸ்டம் இலாபம் காட்டியது. நீ பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடங்களைப் பார்த்துத்தானே விதியையே எழுதினாய். ஆறு என்பதையும் நான்கு என்பதையும் எங்கிருந்து எடுத்தாய்? ஐந்து வைத்துப் பார்த்திருப்பாய், எட்டு வைத்துப் பார்த்திருப்பாய், எது நல்லாய் வந்ததோ அதை வைத்திருப்பாய். கொப்பியின் கடைசித் தாளில் நீ அழித்த எண்கள் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகின்றன. அதே வருடங்களில் மறுபடி சோதித்தால் வெல்லத்தான் செய்யும். அதற்குப் பேர் சோதனை இல்லை மகன். நீ பார்த்திராத பருவங்களில் நான் போட்டுப் பார்த்தபோது ஒரு பருவம் கொஞ்சம் கூடியது, மற்றவை குறைந்தன. ஒரேயடியாய் இல்லை, மெல்ல மெல்ல. மெல்லக் குறைவதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. ஒரேயடியாய் விழுந்தால் மனிதன் எழும்பி ஓடிவிடுவான்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஒரு சோடி ஒரு மைதானத்தில் வருடத்துக்கு ஒரு தரம்தான் மோதும். ஆக உன் 6 ஆட்டம் என்பது 6 வருடம். ஆறு வருடத்துக்கு முந்தி அந்தச் சட்டை போட்டு ஓடியவர்களில் இன்று யார் மிச்சம்? பயிற்சியாளரும் மாறியிருப்பார். அம்மப்பா கொம்புமுறி பற்றிச் சொல்லும்போது, வடசேரி தென்சேரி என்று பேர் மட்டும்தான் நிற்கும், கயிற்றைப் பிடித்து இழுக்கிற கைகள் ஒவ்வொரு முறையும் வேறு என்பார். போன முறை எவர் கொம்பு முறிந்தது என்று இந்த முறைக் கொம்புக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை நீயும் மடியில் இருந்து கேட்டிருக்கிறாய். வருடா வருடம் 3 அணிகள் கீழே போய் 3 அணிகள் மேலே வருகின்றன. அவையில் பலதுக்கு அண்மைய 6 ஆட்ட வரலாறே இருக்காது. அதற்கு நீ பத்து வருடத்துக்கு முந்திய கிண்ண ஆட்டங்களையும் தேடி எடுத்து நிரப்பியிருந்தாய். அந்த இடத்தில் நான் சிவப்பால் வட்டம் போட்டிருக்கிறேன்.

வரலாற்றுக்கு ஒரு பெலனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. டொட்டன்ஹாம் செல்சியின் மைதானத்தில் 1990-க்குப் பிறகு 2018 ஏப்ரலில்தான் லீக் ஆட்டம் ஒன்றை வென்றது. இருபத்தெட்டு வருடம். எவர்ட்டன் லிவர்பூலின் மைதானத்தில் 1999-க்குப் பிறகு 2021 பெப்ரவரியில்தான் வென்றது. சொந்த மைதான அணி தோற்காது என்று அத்தனை வருடமும் வரலாறு சரியாய்த்தான் சொல்லியிருக்கும். ஆனால் அது உனக்கு மட்டும் தெரிந்த இரகசியமா? ஒட்ஸ் எழுதுகிறவனிடமும் அதே முடிவுகள் உண்டு, உன்னைவிடக் கூடிய ஆட்களும் உண்டு. அந்த வரலாற்றை அவன் விலைக்குள்ளே வைத்துத்தான் உனக்கு விற்கிறான். 1.50 ஒட்ஸுக்குப் போட்டால் மூன்றில் இரண்டை வென்றால்தான் போட்ட காசு வரும். 10 பவுண்படி நூறு ஆட்டத்துக்குப் போட்டு 65 ஆட்டம் வென்றாய் என்று வை. ஊரில் எல்லோரும் கெட்டிக்காரன் என்பார்கள். கைக்கு வருவது 975. போட்டது 1000. சரியாய்ச் சொன்னவனுக்கு 25 பவுண் நட்டம்.

உன் கொப்பியில் வென்ற ஆட்டங்களுக்குச் சரி போட்டிருக்கிறாய், தோற்றவற்றுக்குப் பிழை போட்டிருக்கிறாய். ஒட்ஸ் எழுதும் நிரலை முதல் பக்கத்துக்குப் பிறகு நிரப்பவே இல்லை. இவ்வளவு துப்புரவாய்ச் செய்த பிள்ளை இதை எப்படி விட்டாய் என்று எனக்குக் கோபமே வந்தது.

ஒரு ஆட்டத்தில் சொந்த மைதான அணிக்கு 2.00, சமநிலைக்கு 3.40, மற்ற அணிக்கு 3.60 என்று விலை போட்டிருந்தால் ஒவ்வொன்றாலும் நூறை வகுத்துப் பார். 50, 29.4, 27.8. கூட்டினால் 107.2. நிகழ்தகவு நூறுக்கு மேல் போகாது என்று ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஏழு சொச்சம் அவனுடைய பங்கு, ஆட்டம் தொடங்க முந்தியே எடுத்துவிட்டான். உன் சிஸ்டம் புக்கிக்காரனை வெல்வதற்கு முந்தி அந்தப் பங்கைத் தாண்ட வேண்டும். நான் செய்து பார்த்த பருவங்களில் அது தாண்டவில்லை.

இன்னொன்று. அணிகள் 20 என்றால் சோடிகள் 190. ஒருவருக்கும் ஒரு திறமையும் இல்லை, சும்மா காசைச் சுண்டித் தீர்ப்பது என்று வை. ஆறு முறையும் ஒரே பக்கம் விழுவதற்கு 32-இல் 1. 190-ஐ 32-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6. அதாவது வெறும் தற்செயலிலேயே ஆறு சோடிகள் உன் கண்ணுக்கு ஒரு அணி மற்ற அணியைக் கட்டியாள்வதாகத் தெரியும். நீ அந்த ஆறையும் தேடிப் பிடித்து அடிக்கோடு போடுகிறாய்.

முடிவு என்ற எண்ணுக்குள் என்னென்ன இல்லை என்பதையும் யோசி. 1954 உலகக் கிண்ணத்தில் ஹங்கேரி மேற்கு ஜேர்மனியை முதல் சுற்றில் 8-3 என்று அடித்தது. அதே சோடி இறுதி ஆட்டத்தில் மோதியபோது ஜேர்மனி 3-2 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் ஜேர்மன் பயிற்சியாளர் தன் முக்கியமான ஆட்களில் பலரை இறக்கவே இல்லை. 8-3 என்று எழுதிய தாளில் அது தெரியாது. கொரோனா நேரத்து 2020-21 பருவத்தைப் பார். அரங்கில் பெரும்பாலும் ஆளில்லை. 380 ஆட்டத்தில் சொந்த மைதான அணி வென்றது 144, வந்த அணி வென்றது 153. சொந்த மைதானத்துக்குப் போடுகிறவன் அந்த வருடம் என்ன ஆகியிருப்பான்? அந்தப் பருவத்தை உன் கொப்பியில் நீ விட்டுவிட்டாய். "வழமையான வருடம் இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். புக்கிக்காரன் அந்த வருடக் காசைத் திருப்பிக் கொடுத்தானா?

நீ சொன்ன அந்தக் கட்டுரையையும் பேரன் எடுத்துத் தந்தான். டிக்சன், கோல்ஸ் என்ற இருவரும் 1997-இல் எழுதியது. ஆறுதலாய் வாசித்தேன். அவர்கள் சோடியின் பழைய கதையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அணியும் எல்லா அணிகளோடும் ஆடியதை வைத்து, அடிக்கிற பெலம் ஒன்று, தடுக்கிற பெலம் ஒன்று என்று கணக்கெடுக்கிறார்கள். பழைய ஆட்டம் ஆக ஆக அதன் நிறையைக் குறைத்துக்கொண்டு போகிறார்கள். ஆறு வருடத்துக்கு முந்திய ஆட்டத்துக்கும் போன மாத ஆட்டத்துக்கும் ஒரே நிறை கொடுப்பது உன் விதிதான். அவர்களைக் காட்டி உன் விதியை நியாயப்படுத்தாதே.

ஆவணியிலும் புரட்டாதியிலும் இலாபம் வந்தது என்று சந்தோசமாய்ச் சொன்னாய். நம்புகிறேன். சரிபாதி வாய்ப்புள்ள நூறு ஆட்டத்துக்கு ஒரே தொகை போட்டால், அதிட்டத்தால் மட்டும் பத்து வீதம் கூடுவதும் குறைவதும் சாதாரணம். நியம விலகல் அதுதான். உனக்கு உண்மையில் 5 வீதம் திறமை இருக்கிறதா, இல்லை அதிட்டமா என்று பிரித்துப் பார்க்க 1600 ஆட்டமாவது வேண்டும். உன் விதிக்குள் ஒரு பருவத்தின் 380-இல் ஒரு பங்குதான் வரும். எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று நீயே பார். அந்தப் பொறுமை உனக்கு இருந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுத மாட்டேன். காகிதத்தில் எழுதிக்கொண்டே இரு, ஒரு சதமும் போடாதே என்று சொல்லியிருப்பேன்.

பொறுமை இல்லாதபடியால்தானே மெக்சிக்கோவுக்குப் போனாய். எண்ணிக்கை கூட வேண்டும் என்று முதலில் ஸ்பெயின், இத்தாலி, பிறகு இரவு மூன்று மணிக்கு நீ பேர்கூட ஒழுங்காய்ச் சொல்லத் தெரியாத அணிகள். அங்கே உனக்கு என்ன வரலாறு தெரியும்? அது உன் சிஸ்டம் இல்லை மகன். சிஸ்டம் செத்துப் போய் இரண்டு மாதம் இருக்கும். கொப்பி இங்கே இருக்க, நீ அங்கே வேறு ஏதோ செய்துகொண்டிருக்கிறாய்.

நித்திரை கொள். இதைத் திரும்பவும் எழுதுகிறேன்.

தங்கச்சியின் வீடு பீம் மட்டத்தில் நிற்கிறது. நீ அனுப்பிய காசில் எழும்பிய சுவர். போகிற வருகிற ஆட்களெல்லாம் "தமையன் கட்டிக் கொடுக்கிறான்" என்று சொல்லிப் போகிறார்கள். அப்பா அதைக் கேட்கவே வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். கூரைக்கு மரம் சொல்லி வைத்த ஆள் வந்து கேட்டான். தைக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் காசு கேட்கவில்லை. திரும்ப வாசி, நான் காசு கேட்கவில்லை. வெள்ளாமை வெட்டிப் பங்குனியில் நெல் விற்றால் கூரையை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை கோவிலில் தங்கச்சி தீபத்துக்குக் கை நீட்டியபோது கையில் காப்பு இல்லை. அவள் சாமத்தியத்துக்கு அம்மம்மா போட்ட காப்பு, குளிக்கும்போதும் கழற்றாதது. "எங்க மனே காப்பு" என்றேன். "இறுக்கமா இருந்தது, கழற்றி வைச்சிட்டன்" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. துணி மடித்து வைக்கும்போது அவளுடைய தட்டில், சட்டைகளுக்கு அடியில், அடகுச் சிட்டை இருந்தது. திகதியைப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாள் உனக்குக் காசு அனுப்பிய துண்டும் அதோடு மடித்து இருந்தது. அவள் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்றுவரை ஒரு சொல் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே நீ அவளிடம் ஒன்றும் கேட்கக்கூடாது, அவளுக்கு எனக்குத் தெரியும் என்பது தெரியக்கூடாது. வட்டியை என் பென்சனில் கட்டிக்கொண்டு வருகிறேன். கடைக்காரர் தெரிந்த ஆள்தான், வாய் திறக்க மாட்டார்.

லண்டனில் உழைக்கிற ஆண்பிள்ளை, கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சியின் கையில் இருந்ததை எடுக்கிற அளவுக்கு வந்தாய் என்றால், நீ ஒரே தொகை போடும் விதியை எப்போதோ விட்டுவிட்டாய் என்று அர்த்தம். தோற்றதைப் பிடிக்க இரட்டிப்பாய்ப் போடுகிறாய். அதைத் தவிர வேறு வழியில் இவ்வளவு கெதியாய்க் காசு முடியாது. 10 பவுணில் தொடங்கி இரட்டித்துப் போ. 20, 40, 80. எட்டுத் தரம் தொடர்ந்து தோற்றால் போனது 2550. ஒன்பதாம் தரம் போட 2560 வேண்டும். வென்றால் கிடைக்கிற இலாபம் அதே 10 பவுண். சரிபாதி வாய்ப்பில் எட்டுத் தரம் தொடர்ந்து தோற்பதற்கு 256-இல் 1 என்று சொல்வாய். இரவு முழுக்கப் போடுகிறவனுக்கு அந்த ஒன்று வராமல் விடாது. இரட்டிப்பாக்காதே. இரட்டிப்பாக்காதே என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

சின்ன மாமாவின் கதை உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. மாமி இப்போதும் கடற்கரை வீதியால் போவதில்லை, அவ்வளவுதான்.

உன்னைப் பேச எனக்கு வாய் வருகிறது, பேசிய உடனே நெஞ்சு நோகிறது. நீ களவெடுக்கவில்லை, குடிக்கவில்லை, ஒருவரை அடிக்கவில்லை. கணக்கு நன்றாய் வரும் பிள்ளை, அந்தக் கணக்கைக் கொண்டே தன்னை நம்பவைத்துக்கொண்டாய். கணக்குத் தெரியாதவன் இரண்டு தரம் தோற்றுவிட்டு விட்டுவிடுவான். நீ தோற்றதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து விதியைத் திருத்திக்கொண்டு திரும்பப் போகிறாய். கொப்பியில் அதையும் பார்த்தேன். மழை என்றால் விடு, செவ்வாய்க்கிழமை என்றால் விடு, புதுப் பயிற்சியாளர் என்றால் விடு. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி. தோல்வி எல்லாவற்றையும் விதியால் தள்ளி வைத்தால் மிச்சம் வெற்றிதானே.

நான் விசாரித்த வழிகளை எழுதுகிறேன். அங்கே கம்ஸ்டொப் (GAMSTOP) என்று ஒன்று இருக்கிறது, காசு இல்லை. அதில் பேரைப் பதிந்தால் பிரித்தானிய அனுமதி பெற்ற ஒன்லைன் பந்தயக் கம்பனி எல்லாம் உன்னைச் சேர்க்கக்கூடாது. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தெரிவு செய்யலாம், இடையில் நீ மனம் மாறினாலும் எடுக்க முடியாது. ஐந்து வருடத்தைப் போடு. அந்த அனுமதி இல்லாத வெளி இடங்களை அது தடுக்காது, ஆகவே பாங்க் காட்டையும் (card) மூட வேண்டும். அங்கத்தைய பல பாங்குகளில் பந்தயக் காசு போகாமல் போனிலேயே பூட்டுகிற வசதி உண்டு. கிரெடிட் காட்டில் பந்தயம் கட்டுவதை 2020 ஏப்ரலோடு அங்கே நிறுத்திவிட்டார்கள், ஆகவே அதில் நீ கடன் ஏற்றியிருக்க முடியாது என்று நினைத்து நான் ஆறுதல்பட்டேன். கூட்டாளிமாரிடம் கைமாற்று வாங்கியிருந்தால் அதையும் சொல். இந்தப் பந்தயப் பழக்கத்துக்கென்றே என்.எச்.எஸ். என்ற அங்கத்தைய அரசாங்க வைத்தியசேவையின் கிளினிக் லண்டனில் 2008-இல் இருந்து இருக்கிறது. டொக்டரிடம் போவதை வெட்கம் என்று நினைக்காதே. சீனி வருத்தத்துக்குப் பெரியம்மா போகிறா, இதற்கு நீ போ.

அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "பொடியன் எடுத்தானா" என்று வாடியில் இருந்து கேட்கும்போதெல்லாம் "ஓம், எடுத்தான், வேலை கூடவாம்" என்கிறேன். எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரிடம் சொல்வதா இல்லையா என்பதை உன்னோடு கதைத்த பிறகுதான் முடிவெடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு எடு. உனக்குக் காலை பத்தரை. அப்பா வயலில் நிற்பார், தங்கச்சி ரியூசன் வகுப்புக்குப் போய்விடுவாள், வீட்டில் நான் மட்டும்தான். சமாதானம் சொல்ல வேண்டாம், சிஸ்டத்தை விளங்கப்படுத்தவும் வேண்டாம். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசி. குறைத்துச் சொல்லாதே. முழுத் தொகையும் எனக்குத் தெரிய வேண்டும். கேட்டு நான் ஏச மாட்டேன், பென்சனையும் நெல்லையும் வைத்து எந்த மாதம் எதைக் கட்டலாம் என்று உன்னோடு இருந்து பிரித்துத் தருவேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா
ஆரையம்பதி